அறுபத்து நான்காம் பக்கத்துக்காரி

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானம் ஐந்து பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் புத்தகம் இருந்தது, பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 'கரையோரம் கால் நனைத்து' என்று அதற்குப் பேர். எழுதியவர் வாகீசன் என்கிற சென்னைக்காரர். போன வருஷம் எங்கள் சிப்பிமுனைக்கு வந்து, ஒரே ஒரு பொழுது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர். அறுபத்து நான்காம் பக்கத்தில் என் போட்டோ இருக்கிறது. வாயெல்லாம் பல்.

அதில் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். வருகிறவர்கள் எல்லாம் எனக்கே வாசித்துக் காட்டுகிறார்களே. "நம்புசெல்வி அக்கா வீட்டில் அடுப்பு அணைவதே இல்லை. நடுச்சாமத்தில் போனாலும் உலை கொதிக்கும். முகத்தில் சிரிப்பு மாறாது. காசை நீட்டினால் மனம் நோவார். இந்தக் கடலோர மக்களுக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது. கடல் அவர்களைத் தாயாகத் தாலாட்டுகிறது."

கடலுக்குப் போகிற வீட்டில் நடுச்சாமத்தில் உலை வைக்காமல் விடிந்த பிறகா வைப்பார்கள்? எங்கள் வல்லப் படகு இருட்டோடு கிளம்ப வேண்டும். அது விருந்தோம்பல் இல்லை, பிழைப்பு. காசு வேண்டாம் என்றது அன்றைக்கு, அந்த ஒரு ஆளுக்கு. சிரித்தது எதற்கென்றால், அந்த மனுஷன் வல்லத்திலிருந்து இறங்கும்போது சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடப் போன என் வீட்டுக்காரரும் அவர் மேலேயே விழுந்தார். பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்தச் சிரிப்பைப் பிடித்துப் புத்தகத்தில் போட்டு, அது மாறாது என்றும் எழுதிவிட்டார்.

இன்று வந்தவர்கள் நண்டு கேட்டார்கள். காற்று சரியில்லை, நண்டு வரத்து இல்லை என்றேன். ஒரு அம்மா பக்கத்தைப் புரட்டி, நண்டு என்றுதானே போட்டிருக்கிறது என்றார். சுறாப்புட்டு செய்து கொடுத்தேன். "போயிட்டு வர்றோம்க்கா, அடுத்த தடவை நண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காசு தரவில்லை. என் மனம் நோகக் கூடாதாம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். எனக்குக் கிடைத்த பேர் இந்த ஊரில் யாருக்குக் கிடைத்தது என்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

நவம்பர் 13, புதன்

அவரும் கருமலையானும் இருட்டோடு போனார்கள். கருமலையான் என் நாத்தனார் பூரணம் மதினியின் மகன். தை மாதத்தில் கல்யாணம் பண்ணலாம் என்று பெண் பார்க்கிறார்கள். காற்று இருக்கிறதே என்றேன். கரைப்பக்கமாகவே வலையை விட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னார். சோறும் கருவாடும் கட்டிக் கொடுத்தேன். போயிட்டு வர்றேன் என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

பகலில் மகள் தர்ஷினியின் சீருடையைத் துவைத்தேன். சாயங்காலம் வாடைக்காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மற்ற வல்லம் எல்லாம் வந்துவிட்டது.

நவம்பர் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிவிட்டுப் போனது. நம் ஊர் வல்லங்கள் தேடப் போய்க் காற்றில் திரும்பிவிட்டன. எல்லை தாண்டி ஒதுங்கியிருப்பார்கள், அந்தப் பக்கம் பிடித்து வைத்திருப்பார்கள் என்று மீனவர் சங்கத் தலைவர் சொல்கிறார். முன்பும் அப்படி நடந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தாடியோடு வந்து இறங்கியவர்களை எனக்கே தெரியும்.

காலையில் பக்கத்து வீட்டு முனீஸ்வரி ஒரு தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தாள். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தாள், எனக்கும் தெரியும். ஆனாலும் வாசலிலேயே வைத்துச் சத்தம் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அந்த வீட்டுக்குத்தான் வெளியிலிருந்து சோறு வரும். என் அடுப்பு எரிகிறது. எனக்கு எதற்கு இவள் இட்லி?

அவள் போன பிறகு இன்னும் பெரிதாக மூட்டினேன். காஸ் அடுப்பும் இருக்கிறது, ஆனால் நான் விறகைத்தான் அடுக்கினேன். புகை வெளியே தெரிய வேண்டும்.

மத்தியானம் இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள், புத்தகத்தோடு. நல்ல வேளை வந்தார்கள். மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று ஈரோட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண் பேர் கோகிலா. அவள் வீட்டுக்காரர் எல்லாரையும் போல வாசிக்கத் தொடங்கினார், சிரிப்பு மாறாது, தாயாகத் தாலாட்டுகிறது என்று. கோகிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தட்டைப் பார்த்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டாள். கடலில் தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன்.

சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கழுவினாள். வேண்டாம் என்று பிடுங்கப் போனேன், விடவில்லை. போகும்போது என் கையில் காசைத் திணித்துவிட்டு, புத்தகத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் காரில் ஏறியும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் முன்னால் அழாமல் இருந்ததே பெரிய காரியம்.

நவம்பர் 18, திங்கள்

தூக்கம் வராமல் அந்தப் புத்தகத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். எல்லா ஊரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அடுத்த ஊர் கோரைக்குடா. "இவ்வூரார் முரடர்கள். பேச்சில் கடுகடுப்பு. படகுக்கு இரட்டை வாடகை கேட்பார்கள். இருட்டும் முன் கிளம்பிவிடுவது நல்லது" என்று போட்டிருக்கிறது.

நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். வலைத் தகராறில் இரண்டு ஊருக்கும் நாலைந்து வருஷமாகப் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கம் போனால் டீ குடித்துவிட்டு வருவார். அதற்கு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

நாங்கள் சிரிக்கிறவர்களாம், அவர்கள் முரடர்களாம். நடுவில் இருப்பது ஒரு ஓடை.

நவம்பர் 19, செவ்வாய்

கருமலையானைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கோரைக்குடாக்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே காற்றோடு காற்றாகத் தேடிப் போயிருக்கிறார்கள். தங்கள் பாயில் சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தார்கள். மதினி வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் வயதானவர், சூசைமாணிக்கம் என்று பேர், என்னிடம் வந்தார்.

"களஞ்சியத்தையும் தேடுறோம்த்தா. காத்து விடட்டும்."

என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்போது அந்த ஆளின் குரல் உடைந்தது. என்ன கடுகடுப்பைக் கண்டார் வாகீசன் சார்?

நவம்பர் 20, புதன்

காலையில் எழுந்து மதினி வீட்டுக்காகச் சோறு பொங்கினேன். பெரிய சட்டியில் புளிக்குழம்பு. சொந்தத்தில் கிட்டத்து ஆள் நான்தான். என் அடுப்பில் எரிந்துதான் அந்த வீட்டுக்குச் சோறு போக வேண்டும். தலையில் சுமந்துகொண்டு போனேன்.

மதினி வீட்டு அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. சாப்பிட மாட்டேன் என்றார். நான் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினார். வந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்துவிட்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. நானும் சொல்லாமல்தான் வந்தேன்.

கருமலையானுக்கு நீச்சல் அவ்வளவு வராது. அவருக்கு மீன் மாதிரி வரும். வல்லத்தில் பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் எந்தத் தீவிலாவது ஒதுங்கலாம்.

நவம்பர் 22, வெள்ளி

மழை. யாரும் வரவில்லை. எனக்கும் தர்ஷினிக்கும் மட்டும் எதற்கு இவ்வளவு விறகு என்று முனீஸ்வரி கேட்பாள் என்றிருந்தது. அவள் கேட்கவில்லை. நிறையப் பொங்கி நாய்களுக்குப் போட்டேன்.

"இன்னிக்கி விருந்தாளி வருவாகளாம்மா?" என்று தர்ஷினி கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருகிறாள். நான் சொல்லவே இல்லை.

நவம்பர் 23, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ராமேஸ்வரம் போகிற கூட்டம் அங்கே டீ குடிக்க இறங்கும். அறுபத்து நான்காம் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, இது நான்தான், வீட்டுக்கு வாங்க, சாப்பாடு இருக்கு என்று கூப்பிட்டேன். ஒருத்தர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நீங்க இல்லையே என்றார். இன்னொருத்தர் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு மதுரைக் குடும்பம் வந்தது. காசு வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வந்தது.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி இதே ஜனங்களைத் திட்டி எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புத்தகத்தின் பின்னால் வாகீசன் சாரின் நம்பர் இருந்தது. போன் பண்ணினேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். ஆட்களை அனுப்புங்க சார் என்றேன். அதற்கென்ன, எழுதிவிடுகிறேன் என்றார். எங்கே போனாலும் என் சிரிப்பைப் பற்றித்தான் பேசுகிறாராம்.

"அண்ணன் எப்படிம்மா இருக்காரு? இன்னும் சேத்துல விழுறாரா?"

"நல்லா இருக்காக சார்" என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

அந்தப் பக்கம் பிடிபட்டவர்கள் பேரில் களஞ்சியம் என்று ஒரு பேர் இருக்கிறதாம். ஆபீசிலிருந்து சங்கத் தலைவருக்குப் போன் வந்தது. போட்டோ நாளைக்கு வரும். நான் அப்போதே சொன்னேன். தர்ஷினிக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டேன். மதினியிடம் சொல்ல ஓடினேன், அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

நவம்பர் 26, செவ்வாய்

வேறு களஞ்சியம். தொண்டிப் பக்கத்து ஆள். அவன் பெண்டாட்டி இன்று சிரித்திருப்பாள்.

நவம்பர் 28, வியாழன்

வாகீசன் சார் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். இன்று ஒரு வேன் நிறைய ஆட்கள். பன்னிரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மதினி வந்தார். கையில் தூக்குவாளி. மூடியை மீறிச் சோற்று வாடை வந்தது.

நேற்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியது எனக்குத் தெரியும். இனிமேல் பார்த்துப் பயனில்லை, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பேச்சு. அதை என்னிடம் சொல்லும் வேலையை மதினியிடம் விட்டிருக்கிறார்கள். மகனைக் கொடுத்தவர் சொன்னால் நான் கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள். தம்பிக்கும் சேர்த்து அழ வேண்டியவர் அவர்தானே.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர், நல்ல மனுஷன்தான், மதினியையும் உட்காரச் சொல்லி, உங்க ஊரைப் பத்தி எழுதியிருக்காங்க கேளுங்க பெரியம்மா என்று வாசித்துக் காட்டினார். கவலை என்றால் என்னவென்றே தெரியாது, கடல் அவர்களைத் தாயாகத் தாலாட்டுகிறது. மதினி கடைசி வரைக்கும் கேட்டார். அழகாக வாசிக்கிறீர்கள் என்று அந்த ஆளிடம் சொன்னார்.

பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். நான் அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"மதினி, அத எடுத்துட்டுப் போங்க. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கமாகக் கையை நீட்டி, ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். ஊதாங்குழலை எடுத்து ஊதினார். கண்ணில் வழிந்தது புகையினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எரியட்டும். எரியுற வரைக்கும் எரியட்டும்த்தா."

தூக்குவாளியோடு திரும்பிப் போய்விட்டார். பெரியவர்களிடம் என்ன சொன்னாரோ, யாரும் வரவில்லை.

நவம்பர் 30, சனி

மழை விடவில்லை. விறகு எல்லாம் நனைந்துவிட்டது. மதினி வீட்டிலிருந்து காய்ந்த விறகு ஒரு கட்டு வந்தது.

டிசம்பர் 2, திங்கள்

காற்று விட்டதும் கோரைக்குடாக்காரர்கள் போனார்கள். சூசைமாணிக்கம் அண்ணன் அந்தியில் வந்தார். முற்றத்தில் நின்றாரே தவிர உள்ளே வரவில்லை. கையில் கேன்.

எங்கள் கேன்தான். மூடியில் தர்ஷினி வரைந்த பூ பாதி அழிந்திருந்தது. அதன் கைப்பிடியில் கயிறு கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் போடுகிற முடிச்சு. எந்த முடிச்சிலும் கடைசியில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுவார், எதற்கு என்று கேட்டால் என் ராசி என்பார். கயிற்றின் மறு முனையில் ஒரு வளையம். இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற அளவு. அவிழவில்லை. அப்படியே இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.

அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இளைத்துப் போயிருக்க வேண்டும். எத்தனை நாள் மிதந்தாரோ. நான் இங்கே யாருக்கெல்லாமோ மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்த நாட்களில் எதிலாவது அவர் அங்கே உயிரோடு இருந்திருக்கிறார். என் புகை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? தெரிகிற தூரம் இல்லை. எனக்குத் தெரியும், தெரிகிற தூரம் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். தீப்பெட்டி கையில் இருந்தது. சுள்ளி அடுக்கியிருந்தது, தர்ஷினி அடுக்கியது. உரசவில்லை. தண்ணீர் ஊற்றி அணைக்கவும் இல்லை. ராத்திரி தானாகவே அணைந்திருந்தது, நான் அதை மூட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பத்து மணி இருக்கும். ஒரு கார் வந்தது. ஒரு இளம் ஜோடியும் பையனின் அப்பாவும். பையன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தான். போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நம்புசெல்வி அக்கா வீடு இதுதானே? புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி இல்லையே."

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த வீடுதான் தம்பி. இன்னிக்கி இங்க அடுப்பு எரியாது."

சொல்லிவிட்டேன். முதல் தடவையாக வாயிலிருந்து வந்தது, யாரென்றே தெரியாத ஒரு பையனிடம். அவனுக்கு விளங்கவில்லை. காஸ் தீர்ந்துவிட்டதா, வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். நல்ல பிள்ளை. அவன் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே என் முன்னால் நின்றார். அந்தப் பெண் தர்ஷினியின் தலையில் கை வைத்தாள்.

பிறகு திரும்பிக் காருக்குப் போனார்கள். பையன் பழக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அவன் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்று பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ பேர் இந்த வாசலுக்கு வந்து போயிருக்கிறார்கள். காசு கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், எல்லாரும் போயிட்டு வர்றோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். ஊர் சொல்லி நான் கேட்கவில்லை, ஆபீஸ் சொல்லிக் கேட்கவில்லை, அந்தக் கயிறு சொன்னதைக்கூட ராத்திரி முழுக்க மறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார் போனதும் நான் மண்ணில் விழுந்து அழுதேன். தெருவே வந்துவிட்டது.

மத்தியானம் மதினி தூக்குவாளியோடு வந்தார். புகை இல்லாததைப் பார்த்திருப்பார். இந்தத் தடவை தட்டை எடுத்தார். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த தட்டு, என் வீட்டுக்காரருடையது. அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, முதலில் தர்ஷினிக்கு ஊட்டினார். பிறகு என் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுவந்தார்.

"நீ அன்னிக்கி எனக்கு ஊட்டுனல்ல. வாங்கிக்கத்தா."

வாங்கினேன். புளிக்குழம்பு. உப்பு சரியாக இருந்தது. எனக்குப் பசித்தது. அவர் இல்லை, எனக்குப் பசித்தது. இன்னும் கொஞ்சம் போடுங்க மதினி என்று நானே தட்டை நீட்டினேன்.